இருபது லிட்டர் டொலுவின்: கும்பகோணத்துப் பட்டறையில் நான்கு மாதம்

கடந்த ஆவணி மாதத்தில் கும்பகோணம் கடைவீதியில் உள்ள ஒரு ரசாயனக் கடையில் இருபது லிட்டர் டொலுவின் டின் ஒன்றை வாங்கி, மார்கழி முடியும் வரை எங்கள் பட்டறையில் பயன்படுத்திவிட்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கோயில் வாகனங்களுக்கு வண்ணம் பூசுவதும் பழைய வாகனங்களைப் புதுப்பித்துக் கொடுப்பதும் எங்கள் முதன்மையான தொழில். மாசி மகத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் முன்பாக முடித்துக் கொடுக்க வேண்டிய ரிஷபமும் யாளியும் குதிரையும் புரட்டாசியிலேயே பட்டறைக்கு வந்து சேர்ந்துவிடும். அவை இல்லாத நாட்களில் தேக்கு வாசற்கதவுகளுக்கும் ஊஞ்சல் பலகைகளுக்கும் பாலீஷ் போடுகிறோம். பாடநூல்களில் டொலுயீன் என்று அச்சிடப்படும், எண்ணெயையும் பசையையும் கரைக்கும் இந்தத் திரவம் எங்கள் பக்கத்தில் டொலுவின் என்றே வழங்குவதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கிய சரக்கு தரமானது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால், எங்களைப் போன்ற சிறு பட்டறைக்காரர்கள் டொலுவினை எந்த வேலைகளுக்கு வாங்குகிறோமோ அவற்றில் பாதிக்கு அது தேவையே இல்லை என்பதையும், தேவைப்படும் மீதிப் பாதியில் நாங்கள் அதைக் கையாளும் முறை பெரும்பாலும் தவறு என்பதையும் இந்த நான்கு மாதங்களில் தெரிந்துகொண்டேன்.

இதற்கு முன்பெல்லாம் வேறொரு கடையில் சில்லறையாகத்தான் வாங்குவோம். இருநூறு லிட்டர் பீப்பாயிலிருந்து ரப்பர் குழாய் வைத்து இறக்கி, குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பார்கள். பாட்டிலில் பெயர் இருக்காது, தேதி இருக்காது. ஒரு முறை வாங்கியது நொடியில் உலரும். அடுத்த முறை வாங்கியது கால் மணி நேரம் பிசுபிசுவென்று நிற்கும். இரண்டுக்கும் பெயர் டொலுவின்தான். இம்முறை முத்திரை உடையாத இரும்பு டின்னாகக் கேட்டேன். தொகுதி எண் அச்சிடப்பட்டிருந்தது. டொலுயீனுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 537 குறிப்பிடப்பட்டிருந்தது. அந்தத் தொகுதிக்கான சோதனைச் சான்றிதழையும் கேட்டபோது கடைக்காரர் சற்று வியந்தாலும் மறுநாள் நகல் எடுத்துக் கொடுத்தார். அதில் நான் முதலில் தேடிய வரி பென்சீன் எவ்வளவு என்பதுதான். டொலுவினும் பென்சீனும் உடன்பிறந்தவை போன்றவை. அணுக்கள் வளையமாக அமைந்த பென்சீனில் மெத்தில் என்ற சிறு அணுத்தொகுதி ஒன்று கூடுதலாக இருப்பதுதான் டொலுவின். ஆனால் பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியாக வகைப்படுத்தப்பட்ட பொருள். டொலுவின் அந்த வகையில் இல்லை. தரம் குறைந்த டொலுவினில் பென்சீன் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால், பெயரில்லாத பாட்டிலில் வாங்குகிறவர் உண்மையில் எதை வாங்குகிறார் என்பது அவருக்கும் தெரியாது, பல நேரங்களில் விற்பவருக்கும் தெரியாது.

சான்றிதழ் கையில் இருந்தாலும் பட்டறையில் செய்யக்கூடிய மூன்று எளிய சோதனைகளைச் செய்துபார்த்தேன். முதலாவது எடை. டொலுவினின் அடர்த்தி 20 டிகிரியில் லிட்டருக்கு 867 கிராம்; எங்கள் ஊர் வெயிலில் அது இன்னும் சற்றுக் குறையும். ஆகவே இருபது லிட்டரின் எடை, டின்னைக் கழித்துவிட்டால், ஏறக்குறைய 17.2 கிலோ இருக்க வேண்டும், இருந்தது. இரண்டாவது, அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் 50 மில்லி தண்ணீரும் 50 மில்லி டொலுவினும் ஊற்றிக் கலக்கிவிட்டுச் சற்று நேரம் வைப்பது. டொலுவின் தண்ணீரில் கரைவது லிட்டருக்கு அரை கிராம் அளவே என்பதால் இரண்டும் தெளிவாகப் பிரிந்து, தண்ணீர் அடியில் அதே 50 மில்லியாக நிற்க வேண்டும். ஆல்கஹாலோ அசிட்டோனோ கலந்திருந்தால் அவை தண்ணீரோடு சேர்ந்து அடிமட்டத்தை உயர்த்திவிடும். மூன்றாவது, வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு உலரவிடுவது. மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை தங்கும். மூன்றிலும் இந்தச் சரக்கு தேறியது. ஆனால் பென்சீன் கலப்பை இந்தச் சோதனைகள் எதுவும் காட்டாது. அதன் அடர்த்தி டொலுவினை ஒட்டியே இருப்பதால் அதற்குச் சான்றிதழ் ஒன்றுதான் வழி.

பெயரின் வரலாறு எங்கள் தொழிலுக்கு நெருக்கமானது என்பதால் சில வரிகள் எழுதுகிறேன். கொலம்பியா நாட்டின் தோலு என்ற ஊரின் பெயரால் வழங்கும் ஒரு மரப்பிசினிலிருந்து இது 1841-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்கு முன்பே 1837-இல் பெல்லத்தியே, வால்ட்டர் என்ற இருவர் பைன் மரப் பிசினை வாலைவடித்தபோது இதைக் கண்டிருந்தார்கள். இதன் அடுத்த உறவான சைலீனின் பெயரோ மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிசினிலும் மரத்திலும் பெயர் பெற்ற இவை இன்று பெரும்பாலும் சுத்திகரிப்பு ஆலைகளில், கச்சா எண்ணெயிலிருந்து பிரியும் நாப்தாவை வினையூக்கியின் மேல் செலுத்திப் பெறப்படுகின்றன. நரிமணத்தில் கச்சா எண்ணெய்க் கிணறுகளைப் பார்த்து வளர்ந்த மாவட்டங்களைச் சேர்ந்த நமக்கு, வயலுக்கு அடியில் இருப்பதன் ஒரு பேரன்தான் இந்த டின்னில் இருப்பது என்று சொன்னால் எளிதில் புரியும்.

இனி வேலையில் இது எப்படி நடந்துகொண்டது என்பதைச் சொல்கிறேன். முப்பது நாற்பது ஆண்டுகளாகப் புறப்பாட்டில் தூக்கப்பட்ட ஒரு ரிஷப வாகனத்தின் மேல் விளக்கெண்ணெய்ப் புகையும், சந்தனமும், மாலைக் கறையும், கம்புகளில் ஒட்டிய பசைநாடாவின் பிசுக்கும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கறுத்துப் போயிருக்கும். இதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அடியில் இருக்கும் பழைய வண்ணமும் கண் திறப்பின் நுண்ணிய கோடுகளும் சேர்ந்து போய்விடும். பனியன் வேஸ்ட்டில் சிறிதளவு டொலுவினை நனைத்து, சதுர அங்குலம் சதுர அங்குலமாக ஒற்றி எடுத்தபோது எண்ணெய்ப் படலமும் மெழுகும் பசையும் மட்டும் கழன்று வந்தன. பல ஆண்டுகளாக இறுகிக் காய்ந்த எனாமல் அப்படியே நின்றது. இதே வேலையை டர்ப்பன்டைனில் செய்தால் எண்ணெய் போகும், பசை போகாது. அசிட்டோனில் செய்தால் வண்ணமே கிளம்பிவிடும். இந்த ஓர் இடத்தில் டொலுவினுக்கு நிகராக நான் எதையும் காணவில்லை. ஆனால் பூசிச் சில வாரங்களே ஆன எனாமலின் மேல் இதைத் தொடக்கூடாது. தோல் சுருங்கியதுபோல் மடிந்துவிடும். ஆகவே வாகனத்தின் அடிப்புறத்தில், கண்ணில் படாத இடத்தில் ஒரு முறை தொட்டுப் பார்த்த பிறகே மேலே போக வேண்டும்.

பழைய வார்னிஷ் எந்தப் பிசினால் ஆனது என்று கண்டுபிடிப்பதற்கும் இது உதவியது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், டொலுவினில் கரையாது. குங்கிலிய வகைப் பிசினில் செய்த வார்னிஷ் டொலுவினில் கரையும். இரண்டு பஞ்சுத் துண்டுகளை எடுத்து ஒன்றில் ஸ்பிரிட்டும் மற்றதில் டொலுவினும் தொட்டு ஒற்றினால், நம் தாத்தா காலத்தில் யார் எதைப் பூசினார்கள் என்று மரமே சொல்லிவிடுகிறது. பீடத்தில் வெல்வெட் ஒட்டும் ரப்பர் பசையைத் தளர்த்துவதற்கும், பித்தளைக்குப் பூசும் அக்ரிலிக் லேக்கரை நீர்க்கச் செய்வதற்கும் நன்றாக வேலை செய்தது. அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

தவறாகப் பயன்படுத்தப்படும் இடம் கதவுப் பாலீஷ்தான். என்சி, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கருக்கான தின்னரில் டொலுவின் இருப்பது உண்மை. அதைக் கேள்விப்பட்டு, தின்னர் விலைக்குப் பதிலாக டொலுவினை மட்டும் ஊற்றினால் போதாதா என்று கேட்பவர்கள் பலர். நானும் அப்படி நினைத்தவன்தான். நைட்ரோசெல்லுலோஸ் தனி டொலுவினில் கரைவதில்லை. பியூட்டைல் அசிட்டேட் போன்ற எஸ்டர் வகைக் கரைப்பான்களும் ஆல்கஹாலும்தான் அதைக் கரைக்கின்றன. டொலுவின் அந்தக் கூட்டில் நீர்க்கச் செய்யும் துணையாக மட்டுமே இருக்கிறது. துணை அளவு மீறினால், மோர் ஊற்றிய பாலைப்போல் லேக்கர் திரிந்துவிடும். ஆவணியில் ஒரு லிட்டர் லேக்கரை இப்படித் திரியவிட்டுத்தான் இதைக் கற்றேன்.

அடுத்தது மழைக்காலம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் காவிரிக் கரைப் பட்டறைகளில் லேக்கர் அடித்த கதவு வெள்ளை பூத்துப்போவதைப் பார்க்காத பாலீஷ்காரர் இருக்க முடியாது. மரத்தின் ஈரம் என்றும், சரக்கு மட்டம் என்றும் அதற்குப் பல காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் வேகம்தான். விரைந்து ஆவியாகும் கரைப்பான், தான் போகும்போது மேற்பரப்பின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்ந்த அந்தப் பரப்பில், ஏற்கெனவே நீர் கோத்து நிற்கும் அடைமழைக் காற்றின் ஈரம் பனித்துளிபோல் படிந்து, நைட்ரோசெல்லுலோஸை வெள்ளையாகத் திரித்துவிடுகிறது. டொலுவின் சைலீனைவிட ஏறக்குறைய மும்மடங்கு வேகத்தில் ஆவியாவது. வெயில் காலத்தில் குணமாக இருந்த அந்த வேகம் மழைக்காலத்தில் குற்றமாகிவிடுகிறது. அந்த மாதங்களில் ரிட்டார்டர் எனப்படும், மெதுவாக உலரும் கரைப்பானைச் சிறிதளவு சேர்ப்பதும், உச்சிவேளையில் வெயில் தலைகாட்டும் இரண்டு மணி நேரத்தில் மட்டும் அடிப்பதும்தான் வழி. டொலுவினைக் கூட்டினால் விரைவில் காய்ந்துவிடும் என்று நினைப்பது நேர் எதிர்விளைவைத் தரும்.

எனாமலைப் பொறுத்தவரை, தூரிகையில் பூசுகிறவர்களுக்கு டொலுவின் வேண்டாம் என்பதே என் கருத்து. அது உலரும் வேகத்தில் தூரிகைக் கோடுகள் அப்படியே நின்றுவிடுகின்றன. மினரல் டர்ப்பன்டைனோ, ஸ்ப்ரே என்றால் சைலீனோ போதும். சைலீன் 137 முதல் 144 டிகிரி வரையான வெப்பத்தில் கொதிப்பது. டொலுவின் கொதிப்பது 110.6 டிகிரியில். மெதுவாகப் போவதால் வண்ணம் தானாகச் சமன்பட நேரம் கிடைக்கிறது. காற்றில் ஆவி சேரும் வேகமும் குறைகிறது. சைலீனும் தீங்கற்றது அல்ல. ஆனால் வேலைக்கும் உடம்புக்கும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் எனாமல் வேலைக்கு அதுவே பொருத்தம்.

இவ்வளவு கவனமாக இந்த டின்னை நான் சோதித்ததற்கு ஒரு காரணம் உண்டு. முந்தைய ஆண்டு கார்த்திகையில், ஒரு கிராமத்துக் கோயிலின் வாகன மண்டபத்திலேயே தங்கி ஒரு குதிரை வாகனத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். வெளியே விடாத மழை. சாரல் அடிக்கிறது என்று கதவைச் சாத்திவிட்டோம். பாட்டிலில் வாங்கிவந்த சில்லறை டொலுவினை ஒரு அகலக் கிண்ணத்தில் ஊற்றி நடுவில் வைத்திருந்தோம். என் சித்தப்பா மகன் குதிரையின் வயிற்றுப் பகுதியில், தரையோடு படுத்தபடி துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரம் கழிந்திருக்கும், காரணமின்றிச் சிரித்தான். என்னடா என்று கேட்டபோது, “தலை லேசா சுத்துதுண்ணே, ஆனா நல்லாத்தான் இருக்கு” என்றான். எழுந்து நிற்கச் சொன்னேன், கால் நிற்கவில்லை. அவனைத் தாங்கிப் பிடித்து வெளித் தாழ்வாரத்தில் உட்காரவைத்த நேரத்தில்தான், சாயரட்சைக்கு விளக்கேற்றிக்கொண்டு குருக்கள் மண்டபத்துப் பக்கம் வருவதைப் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிட்டு அங்கேயே நிற்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர் ஏன் என்று கேட்காமல் நின்றார். அன்று எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தம்பிக்கு இரவு முழுவதும் தலைவலி இருந்தது. பசி மயக்கம் என்று அப்பா பால் காய்ச்சிக் கொடுத்தார். எனக்கு மட்டும் அந்த விளக்கின் சுடர் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்று நடந்தது என்ன என்பதைப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் டொலுவின் முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 230 லிட்டர் ஆவியாகிறது. 1948-ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதித்த அளவு, காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள மூடிய அறையில் அந்த அளவை எட்டுவதற்கு 12 மில்லி டொலுவின் ஆவியானால் போதும்; இரண்டரை டீஸ்பூன். அரை டீ கிளாஸுக்குச் சற்றுக் கூடுதலாக ஆவியானால் பத்து லட்சத்தில் 500 பங்கு. அது உயிருக்கும் உடல்நலத்துக்கும் உடனடி ஆபத்து என்று தொழில்நல வல்லுநர்கள் வகுத்திருக்கும் அளவு. நாங்கள் கிண்ணத்தில் ஊற்றி வைத்தது அரை லிட்டர். இந்த ஆவி காற்றைவிட மும்மடங்கு கனமானது என்பதால் தரையோடு தங்கும். அதனால்தான் நின்று வேலை செய்த எனக்கு ஒன்றும் தெரியாமல், தரையில் படுத்திருந்த அவனுக்கு முதலில் தாக்கியது.

மணத்தை நம்பி இருந்ததும் எங்கள் தவறு. டொலுவினின் மணம் இனிமையானது. முதலில் மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரியும். சிறிது நேரத்தில் மூக்கு பழகிவிடும்; ஆவி கூடிக்கொண்டே போகும், மணம் குறைந்துகொண்டே போவதாகத் தோன்றும். தலைசுற்றல், காரணமற்ற உற்சாகம், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை மூளைக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டதன் அடையாளங்கள். நீண்ட காலம் மிகுதியாக முகர்பவர்களுக்கு நினைவாற்றல் மங்குவதும், செவித்திறன் குறைவதும் நிகழ்கின்றன. கம்ப்ரஸர் இரைச்சலும் டொலுவினும் சேர்ந்தால் காதுக்கு இரட்டைப் பாதிப்பு. நிறங்களைப் பிரித்தறியும் திறன் குறையக்கூடும் என்பதும் தொழில்நல மருத்துவத்தில் பதிவாகியிருக்கிறது. மயில்கழுத்து நிறத்துக்கும் பச்சைக்கும் இடையே நான்கு படி பார்க்கத் தெரிந்திருப்பதுதான் எங்கள் பிழைப்பு. அந்தக் கண்ணை ஒரு கரைப்பானுக்குக் கொடுக்க முடியாது. கருவுற்ற பெண்கள் இதன் ஆவி உள்ள இடத்துக்கே வரக்கூடாது. வயிற்றிலுள்ள குழந்தையின் வளர்ச்சியை இது பாதிக்கும்.

பெயிண்ட் வேலை முடிந்ததும் பால் குடித்தால், வெல்லம் தின்றால், வாழைப்பழம் சாப்பிட்டால் உள்ளே போனது இறங்கிவிடும் என்ற நம்பிக்கை எங்கள் தொழிலில் ஆழமாக இருக்கிறது. அவை நல்ல உணவுகள். ஆனால் டொலுவின் வயிற்றுக்குப் போவதில்லை, நுரையீரல் வழியாக ரத்தத்துக்குப் போகிறது. கல்லீரல் அதைப் பென்சாயிக் அமிலமாகவும் பிறகு ஹிப்பூரிக் அமிலமாகவும் மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. அந்த வேலைக்கு நல்ல காற்றும் நேரமும்தான் தேவை. மாலையில் மது அருந்துகிறவர்களுக்கு அந்த மாற்றம் தடைப்பட்டு, டொலுவின் ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் தொழிலில் அந்தப் பழக்கம் உள்ளவர்கள் என் மீது வருத்தப்பட வேண்டாம்.

தீயைப் பற்றி. ஒரு திரவத்தின் மேல் எரியக்கூடிய ஆவி சேரத் தொடங்கும் குறைந்த வெப்பநிலை டொலுவினுக்கு ஏறக்குறைய 4 டிகிரி. மார்கழி விடியலிலும் நம் ஊர் அவ்வளவு குளிர்வதில்லை. ஆகவே தஞ்சை மண்ணில் திறந்துவைத்த டொலுவின் வருடத்தின் எந்த நாளிலும், எந்த நேரத்திலும் தீப்பிடிக்கத் தயாராகவே இருக்கிறது. காற்றில் நூற்றுக்கு 1.1 பங்கு முதல் 7.1 பங்கு வரை ஆவி இருந்தால் ஒரு பொறி போதும். கனமான ஆவி தரையோடு நகர்ந்து, இருபதடி தள்ளி எரியும் விளக்கைத் தேடிப் போய்ப் பற்றிக்கொண்டு திரும்பி வரும். பட்டறைகளில் சாமி படத்துக்கு முன்னால் விளக்கும் ஊதுபத்தியும் ஏற்றாமல் நாங்கள் வேலை தொடங்குவதில்லை. இப்போது பூஜையை வீட்டு முன்கட்டுக்கு மாற்றிவிட்டேன். வேலை தொடங்கும் முன் பட்டறைக்குள் கும்பிடு மட்டும்தான். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுவது பயனற்றது. டொலுவின் தண்ணீரின் மேல் மிதந்து எரிந்துகொண்டே பரவும். உலர்தூள் அணைப்பான் ஒன்றும் இரண்டு வாளி மணலும் வாசலருகே வைத்திருக்கிறேன்.

பலர் அறியாத இன்னொன்று நிலைமின்னேற்றம். டொலுவின் மின்சாரத்தை ஏறக்குறையக் கடத்தாது. டின்னிலிருந்து வேகமாக ஊற்றும்போது மின்னேற்றம் சேர்ந்து, பொறியாகத் தாவக்கூடும். அதனால் பெரிய டின்னையும் ஊற்றும் பாத்திரத்தையும் செம்புக் கம்பியால் இணைத்து, அந்தக் கம்பியை மண்ணில் இறக்கிய இரும்புக் கழியோடு கட்டி, மெதுவாகத்தான் ஊற்றுகிறோம். பிளாஸ்டிக் குடத்திலோ பாட்டிலிலோ ஊற்றுவதில்லை. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, 23 டிகிரிக்குக் கீழே தீப்பற்றும் இத்தகைய திரவங்கள் ‘ஏ’ வகுப்பைச் சேர்ந்தவை. விற்பனைக்கு அல்லாமல் சொந்தப் பயன்பாட்டுக்கு 30 லிட்டர் வரை உரிமம் இன்றி வைத்துக்கொள்ளலாம். அதுவும் நன்றாக மூடிய கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகக் கலன்களில்தான். கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மேலும், உலோகம் என்றால் 25 லிட்டருக்கு மேலும் கொள்ளளவு கூடாது. குளிர்பான பாட்டிலுக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

கையுறை விஷயத்தில் ஒரு பாடம் கற்றேன். மருந்துக் கடையில் கிடைக்கும் மெல்லிய நைட்ரைல் கையுறை சில நிமிடங்களில் உப்பித் தளர்ந்து, டொலுவினை உள்ளே விட்டுவிட்டது. சாதாரண ரப்பர் கையுறை அதைவிட மோசம். விட்டான் எனப்படும் வகையும், பாலிவினைல் ஆல்கஹால் கையுறையும் டொலுவினைத் தாங்கும். ஆனால் பின்னது தண்ணீர் பட்டால் கரைந்துபோகும். எங்களால் முடிந்தது தடித்த நைட்ரைல் உறையை அணிவதும், நனைந்தவுடன் கழற்றி மாற்றுவதும், துணியைக் கையால் பிடிக்காமல் இடுக்கியால் பிடிப்பதும்தான். கையில் ஒட்டிய வண்ணத்தை டொலுவினால் கழுவும் பழக்கத்தை அறவே நிறுத்திவிட்டோம். அது தோலின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சி வெடிக்கச் செய்யும். தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்துச் சோப்புப் போட்டால் போதும். முகத்துக்குத் துண்டு கட்டுவதும் துணி முகக்கவசம் போடுவதும் தூசிக்குத்தான். ஆவிக்குக் கரி வடிகட்டி உள்ள மூச்சுக்கவசம் வேண்டும். வடிகட்டி நிறைந்துவிட்டால் அதுவும் வெறும் அலங்காரம் என்பதால் மாற்றிய தேதியை அதன்மேல் எழுதி வைக்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரெதிர் கதவுகளைத் திறந்துவைத்து, காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி வேலை செய்வதே பெரிய பாதுகாப்பு. யாரேனும் தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. மேலே வரும்போது நுரையீரலில் இறங்கிவிடும். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும்.

டின்னைப் பற்றி இரண்டு குறைகள். ஊற்றுவதற்கு வைத்திருக்கும் பிளாஸ்டிக் மூக்கு மூன்றாவது வாரத்திலேயே உப்பித் தளர்ந்து, மூடினாலும் மணம் கசியத் தொடங்கியது. டொலுவின் பல பிளாஸ்டிக்குகளை ஊறவைக்கும் என்பது தயாரிப்பவருக்குத் தெரியாததல்ல. ஒரு உலோக மூடியைச் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். நான் அதைக் கழற்றிவிட்டு உலோகத் திருகுமூடி போட்டுக்கொண்டேன். இரண்டாவது குறைதான் எனக்குப் பெரிது. தீச்சுடர்ச் சின்னமும் மார்பில் நட்சத்திரம் வெடித்ததுபோன்ற உடல்நலச் சின்னமும் கட்டைவிரல் நகத்தளவில் அச்சிடப்பட்டிருந்தன. எச்சரிக்கைகளில் தமிழில் ஒரு சொல்லும் இல்லை. இந்த டின்னைத் திறக்கப்போகிறவர் எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டுப் பட்டறைக்கு வந்த ஒரு பையன் என்பதை நினைத்து யாரும் அந்தத் தாளை எழுதவில்லை. ‘இதன் ஆவி எரியும், மயக்கும். கதவைத் திற. விளக்கை அணை. பாட்டிலில் ஊற்றாதே’ என்று சிவப்பு எனாமலில் டின்னின் நான்கு பக்கமும் நானே எழுதி வைத்தேன். வண்ணம் பூசுகிறவன் செய்யக்கூடியது அது.

அழுக்கான டொலுவினை என்ன செய்வது என்பது சங்கடமான கேள்வி. இரண்டு நாள் மூடி வைத்தால் வண்ணத் துகள் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததைத் தூரிகைகளின் முதல் கழுவலுக்குப் பயன்படுத்தலாம். அடியில் தங்கும் கசடையும் நனைந்த துணிகளையும் மூடியுள்ள இரும்பு டின்னில் சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றுக் கழிவு எடுப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். ஒரு சிறு பட்டறைக்கு அது எளிதல்ல, ஆகவே நான்கைந்து பட்டறைக்காரர்கள் சேர்த்துக் கொடுப்பது என்று பேசியிருக்கிறோம். கோடையில் வறண்டு கிடக்கும் வாய்க்காலில் கொட்டிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மணலில் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, அரசலாற்றிலும் குடமுருட்டியிலும் தண்ணீர் வரும்போது அந்தக் கசடும் சேர்ந்து நாற்றங்காலுக்குப் போகிறது. மணலில் இறங்கியது, இருபது முப்பது அடியில் தண்ணீர் கிடைக்கும் அடிகுழாய்க்குப் போகிறது. இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

சரக்குக்கு ஐந்தில் நான்கரை மதிப்பெண் தருகிறேன், டின்னுக்கு இரண்டு. கடைக்கு மூன்றரை: கேட்ட மறுநாளே சான்றிதழ் கொடுத்ததற்காகக் கூட்டியும், பாதுகாப்புத் தகவல் தாளை மூன்று முறை கேட்ட பிறகே கொடுத்ததற்காகக் குறைத்தும் போட்டது அது. இப்போது டின்னில் ஏறக்குறைய எட்டு லிட்டர் மீதமிருக்கிறது. முன்பெல்லாம் இருபது லிட்டர் இரண்டு மாதம் வராது. பட்டறைக்குப் பின்னால், வேப்பமர நிழலில், கம்பிக் கதவு போட்டுக் காற்றோட்டமாகக் கட்டிய சிறு அறையில் பூட்டி வைத்திருக்கிறேன். சாவி என்னிடமும் தம்பியிடமும் மட்டும் இருக்கிறது. மாசி மகத்துக்குப் போக வேண்டிய இரண்டு வாகனங்களுக்கு இதுவே போதும். அடுத்த முறை இருபது லிட்டர் டின்னாக வாங்காமல், உலோக மூடியுள்ள ஐந்து லிட்டர் டின்னாகத் தருவித்துக் கொடுக்கும்படி கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். தை பிறந்ததும் வரும் என்று சொல்லியிருக்கிறார்.